உறுத்தாத உறை

1994 நவம்பர் 2, புதன்

விடியத் தூறல். பிறகு மப்பு. இங்கே, இத்தாலியில், இன்று இறந்தவர்களின் நாள். ரயில் ஸ்தாசியோனேயில் பஸ் ஏறும்போதே உள்ளே முழுக்கச் செவ்வந்திப் பூ, கல்லறைக்குப் போகிறவர்களின் மடியில். யாரோ ஒருவரின் பூத்தண்டு என் கன்னத்தில் குத்திக்கொண்டே வந்தது.

லீவு என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று நான் வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோரா ரெலிபோனில்: "ஒரு மணித்தியாலம் வந்திட்டுப் போ, ஜெஸ்ஸி. ஒரு உதவி."

அவரின் பெயரை இனி இதில் எழுதுவதில்லை. சி. என்று மட்டும். போன மாதம் லிபெர்த்தா தெருவில் அவரின் வீட்டு வாசலில் யாரோ செத்தவர்களுக்கு வைக்கிற செவ்வந்தி வளையம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். நாடாவில் அவரின் முழுப்பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். முதலில் கண்டது நான். சி. வழக்கறிஞர். தன் கடை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட கடைக்காரர் ஒருவரின் மனைவிக்காக வாதாடுகிறார். இந்த மாதக் கடைசியில் வழக்குத் திரும்ப எடுபடுகிறது. காவலுக்கு ஆள் கேட்டு எழுதியிருக்கிறார், பதில் இல்லை. துவக்கு வைத்திருக்க அனுமதி மட்டும் வந்துவிட்டது.

அதுதான் உதவி. சாப்பாட்டு மேசையில், நான் கஞ்சி போட்டு மினுக்கிய விரிப்பின் மேல், ஒரு கறுப்புக் கைத்துப்பாக்கி. பக்கத்தில் பழைய தோல் உறை. சி.யின் தகப்பனுடையதாம். மரக்கட்டை மாதிரி விறைப்பு.

"பயப்படாதை. உள்ளுக்குக் குண்டு இல்லை."

சி.க்கு வலது தோள் ஒரு வருடமாக மேலே எழும்பாது. பெல்ற்றை உறைக்குள்ளால் கோர்த்து இடுப்பில் இறுக்கிவிட ஆள் வேண்டும். செய்தேன். சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் மெல்லச் சுற்றி நின்றார். "தெரியுதா?"

அடுப்பில் பால் என்று சொல்லிவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அடுப்பில் பால் இல்லை.

தெரியுதோ, அக்கா? தம்பி கிறிஸ்ரியும் இதையேதான் கேட்பான். மன்னார் வீட்டில், பின்கதவடியில், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. அவன் போய் எட்டு வருடம். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

போகும்போது சி. ஒரு பெட்டி மார்சிப்பான் பழங்கள் தந்தார். இந்த நாளில் செத்தவர்கள் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டு வருவார்களாம், பலெர்மோ வழக்கம். எங்களுடையவர்கள் ஒன்றும் கொண்டு வருவதில்லை. வந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

நவம்பர் 4, வெள்ளி

வெயில். தோய்க்கிற நாள்.
சி.யின் வெள்ளைப் பட்டு பிளவுஸ், வலது இடுப்புப் பக்கம் மஞ்சள் கறை. வியர்வையும் துவக்கு எண்ணெயும். சவர்க்காரத்துக்குப் போகவில்லை. எலுமிச்சை, உப்பு, வெயில். கொஞ்சம் மங்கியது.
வெங்காயம் முடிந்தது.
என் மனுசன் அன்ரனின் சப்பாத்துக்கு நாடா.

கறையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை தானாக நின்றுவிட்டது. இந்தக் கறையை முதலும் தேய்த்திருக்கிறேன். இதே உயரத்தில், இதே பக்கம்.

பின்னேரம் சி. உடுப்பு மாற்ற உதவினேன். இடுப்பெலும்புக்கு மேலே கன்றிப்போய் நீலம், ஐந்நூறு லீரா நாணயம் அளவு. "கதிரையில இருந்தால் வயித்துக்குள்ள ஏறுது. எழும்பினால் கீழ இழுக்குது. அரை நாள் போட முடியேல்லை. கோர்ட்டில முழு நாளும் எப்படி?"

மருந்து பூசிவிட்டேன். என் விரல் குளிர்ந்திருக்கிறது என்றார்.

நவம்பர் 7, திங்கள்

காற்று. சி.யுடன் துவக்குக் கடைக்கு. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு, ஒரு பக்கம் தொப்பிக் கடை, மறு பக்கம் கலியாண உடுப்புக் கடை. "இரண்டு பொம்பிளையள் கடைக்குப் போனால் ஒருத்தரும் பார்க்கமாட்டினம்" என்று சி. அதனால்தான் நான்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட மனிதர். மெதுவான பேச்சு. தகப்பனின் உறையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது வேறை துவக்குக்கு அடிச்சது, சிஞ்ஞோரா. உறை எண்டது சப்பாத்து மாதிரி. அப்பாவின்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆரும் ஓடேலாது."

கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நினைவில் இருப்பவை:

தோளில் மாட்டுவது. சி.யின் தோளுக்கு ஆகாது. பட்டியைப் போடும்போதே முகம் வெளுத்துவிட்டது.
கணுக்காலில் கட்டுவது. சி. பாவாடைக்காரி. அவரே சிரித்துவிட்டார்.
ரகசிய அறை வைத்த கைப்பை. "பலெர்மோவில கைப்பையோ? மோட்டார் சைக்கிள்காரன் பறிச்சுக்கொண்டு போனால் துவக்கும் சேர்த்துப் போகும்."
வயிற்றைச் சுற்றி இழுபடுகிற அகலத் துணிப்பட்டி. மெத்தென்று இருந்தது. சி.க்கு உடனே பிடித்தது. கடைக்காரர் தலையாட்டினார். துணிக்கு மேலால் விசை அமுங்கிவிடும். விசையைக் கெட்டித் தோல் முழுக்க மூடியிருக்க வேண்டும், அது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது என்றார்.

கடைசியில் எடுத்தது: இடுப்புப் பட்டிக்கு உள்ளே செருகுவது. மெல்லிய தோல், கொஞ்சம் முன்னுக்குச் சரிந்த நிலை, உடம்புப் பக்கம் மான்தோல் மாதிரி மிருதுவான ஒரு மடல். இரும்பு தோலில் படாது.

சி. கேட்டார்: "இது உறுத்தாதோ?"

"முதல் கிழமை எல்லாம் உறுத்தும். தோல் உங்கட உடம்பைப் படிக்க வேணும். உறையைவிடப் பெல்ற் முக்கியம், அகலமா, விறைப்பா. வீட்டில வெறும் துவக்கோட போட்டு நடவுங்கோ, குனியுங்கோ, இருங்கோ, சமையுங்கோ. சிஞ்ஞோரா, வசதி எண்டது ஆடம்பரம் இல்லை. வசதியில்லாத உறை ஒரு கிழமை இடுப்பில இருக்கும், பேந்து மேசை லாச்சிக்குள்ள இருக்கும். தேவைப்படுற அண்டைக்கும் லாச்சிக்குள்ளதான்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். எடுக்கிறது சுலபம், திருப்பி வைக்கிறதுதான் கவனம். விரலை வெளியே வைத்து, கண்ணால் பார்த்து, ஆறுதலாக.

என் பக்கம் திரும்பி, மரியாதையாக: "உங்கட நாட்டிலயும் இப்பிடிக் கடையள் இருக்குமோ?"

"இல்லை" என்றேன்.

கிறிஸ்ரிக்கு உறை கிடையாது. அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் கிழித்த ஒரு துண்டு, சாரத்துக்குள் செருகிய பிஸ்டல். அதற்கு மேல் வெளியே விட்ட சட்டை. அதுவரை சட்டையை உள்ளே விட்டு, மடிப்புக் கலையாமல் திரிந்த பொடியன்.

நவம்பர் 9, புதன்

மழை. காற்சட்டை இரண்டுக்குப் பெல்ற் வளையம் தைத்தேன், அகலமாக. சி.யின் பாவாடைகள் இனி அலுமாரியில்.

நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே ஒத்திகை. சி. நடப்பார். நான் பின்னால் நின்று பார்ப்பேன். புத்தகம் எடுக்கக் கை தூக்கு. கீழே விழுந்த பேனையைக் குனிந்து எடு. கதிரையில் இரு, எழும்பு. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, நானும் அதே பதில். "தெரியுது."

மத்தியானத்துக்குள் சி.க்கு எரிச்சல் வந்துவிட்டது. "உனக்குத் தெரியும் அங்கை இருக்கெண்டு. அதாலதான் தெரியுது. தெரியாதவைக்குத் தெரியாது."

"இல்லை, சிஞ்ஞோரா. முந்தி எனக்குத் தெரியாமலே தெரிஞ்சது."

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்ரனைத் தவிர இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை.

சி. கதிரையில் இருந்தார், நான் நின்றேன். "இரு" என்றார். இருந்தேன். இத்தாலியனில் அந்தக் கதையைச் சொல்ல எனக்குப் போதிய சொல் இல்லை, அதனால் சுருக்கமாக வந்தது. தம்பி. பத்தொன்பது வயது. இயக்கத்துக்குப் போய்விட்டு இடைக்கிடை வீட்டுக்கு வருவான். வந்தால் கதிரையில் சாயமாட்டான். அம்மா கட்டிப்பிடிக்கப் போனால் இடுப்பைத் திருப்பிக்கொண்டு தோளை மட்டும் கொடுப்பான். அம்மா நினைத்தது பிள்ளைக்குத் தன்மேல் கோபம் என்று. எனக்கு மட்டும் அவன் நடையிலேயே தெரிந்தது, வலது கை வீசாமல் வருவான். தெரியுதோ அக்கா என்று கேட்டான். தெரியுது என்றேன். சிரித்துவிட்டு இடம் மாற்றிச் செருகினான்.

"பேந்து?"

"வேறை இயக்கம். மோட்டார் சைக்கிளில ரெண்டு பேர். சைவக் கடை வாசலில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டவன்."

"துவக்கு?"

"இடுப்பிலதான் இருந்தது, சிஞ்ஞோரா. எடுக்க நேரம் கிடைக்கேல்லை."

சி. கோட்டின் பொத்தானைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் மிச்சத்தைச் சொல்லவில்லை: உடம்பைக் கழுவும்போது அம்மா அவன் இடுப்பெலும்புக்கு மேல் அந்தப் பழைய நீலக் கன்றலைக் கண்டது. குண்டு பட்ட இடங்களை விட்டுவிட்டு அதையே தடவிக்கொண்டு, "இது எங்கை அடிபட்டது? ஆருக்கும் தெரியுமோ? இது எங்கை அடிபட்டது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர மணம்.

நவம்பர் 13, ஞாயிறு

தமிழ்ப் பூசை. மாதா கோயில் நிறைந்த சனம். பின்வாங்கில் இரண்டு பெண்கள்: "அவவுக்கு permesso புதுப்பிச்சுக் குடுத்திட்டாங்களாமே." "ஓம், ஆனா ரெண்டு வருசத்துக்குத்தான்." இங்கே தங்கியிருக்கிற அனுமதியைச் சொல்லுகிறார்கள். முன்னால் ஒரு பிள்ளை தாயிடம்: "மம்மா, அந்தியாமோ, போவம், பசிக்குது."

வெளியே வந்ததும் அன்ரன் கேட்டார், "என்ன நீர், பூசை முழுக்க ஆம்பிளையளின்ர இடுப்பையே பார்த்துக்கொண்டு நிண்டனீர்?"

தெரியாமல் பார்த்திருக்கிறேன். சி.யின் துவக்கைப் பற்றி அதுவரை அவருக்குச் சொல்லவில்லை. பஸ் தரிப்பில் சொன்னேன்.

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "துவக்கு இருக்கிற வீட்டில வேலை செய்யவோ நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது?"

"அது அவவைக் காப்பாத்த, அன்ரன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அம்மாவுக்குப் பிடிக்காது. இன்று இரண்டு தரம் கூப்பிட்டேன், அவர் திரும்பவில்லை. பஸ் வந்த பிறகுதான் கையைப் பிடித்தார். ஊரில் ஆமியின் சென்றியில், சோதனைச் சாவடியில், அவருக்கு என்ன நடந்தது என்று முழுதாக இன்னும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நவம்பர் 17, வியாழன்

சிரொக்கோக் காற்று. நவம்பரில் இந்த வெக்கை. யன்னல் முழுக்கப் பாலைவன மண்.

மத்தியானம் சி. சாப்பிட்டு முடித்து, கதிரையில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திடீரென்று நிமிர்ந்து இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஜெஸ்ஸி! நான் மறந்தே போனன்!"

சந்தோசம். சின்னப் பிள்ளை மாதிரி. காலையில் இருந்து போட்டிருக்கிறார், ஒரு இடமும் உறுத்தவில்லை, கன்றலும் மாறிவிட்டதாம். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினார். நான் பார்த்தேன். கை வீசி நடக்கிறார். கோட்டு விழுகிற விதம் சரி. குனிந்தாலும் ஒன்றும் இல்லை.

"தெரியேல்லை" என்றேன். முதல் தடவையாக.

கைதட்டினார். அலுமாரிக் கண்ணாடியில் சி.க்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல. பார்த்தால் நான்தான், கையில் தட்டு.

கிறிஸ்ரியும் கடைசி மாதம் மறந்துபோய்த்தான் திரிந்தான். ஒருநாள் வந்து, பாயில் மல்லாக்கப் படுத்து, பிஸ்டலோடு நித்திரை கொண்டான். அம்மா பக்கத்தில் இருந்து விசிறினார். எனக்கு அன்றைக்குத்தான் முதல் பயம். உறுத்துகிற மட்டும் அது வேறு பொருள். உறுத்தாமல் விட்டால் அது அவன்.

நேற்றிலிருந்து குண்டும் போட்டிருக்கிறதாம். ஒத்திகை முடிந்தது.

நவம்பர் 23, புதன்

எழுத்துக் கோணலாக. இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும்.

காலை நல்ல வெயில். மத்தியானத்துக்குப் பிறகு மேகம் திரண்டது. நான் பின்பக்க பல்கனியில், துணி எடுத்துக்கொண்டு, றேடியோ பாடிக்கொண்டு. அன்ரன் இரண்டு வேலை நேரத்துக்கும் இடையில் ரெஸ்ரோரண்டிலிருந்து வந்திருக்கிறார், மழை வரப்போகிறது என்று எனக்குக் குடை கொண்டு. மணி அடித்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. மூன்றாம் மாடிப் படியில், கதவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். படி விளக்கு தானாக அணைந்துவிடுகிற விளக்கு. அணைந்துவிட்டது. எரிய வைக்கிற பொத்தான் எங்கே என்று அவருக்குத் தெரியாது.

சி. அலுவலகத்திலிருந்து நேரத்தோடு வந்தார். வெளியே இன்னும் வெளிச்சம், உள்ளே இருட்டு. லிப்டைப் பாவிப்பதில்லை, செவ்வந்தி வளையம் வந்த நாளிலிருந்து. படியேறி வந்தால் தன் கதவடியில் கறுத்த கோட்டோடு ஒரு ஆண். அவர் சி.யைக் கண்டு மரியாதையாகச் சிரித்து, கோட்டுக்குள் கை விட்டார், குடையை எடுக்க.

எனக்குக் கேட்டது சி.யின் சத்தம் மட்டும். "ஆர்? ஆரது?" இரண்டு தரம். அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். என் பின்னாலிருந்து வெளிச்சம் படியில் விழுந்தது.

சி. கீழ்ப்படியில், துவக்கை நீட்டிக்கொண்டு. அந்தத் தோளோடு எப்படி அவ்வளவு கெதியாக எடுத்தார் தெரியாது.

அன்ரன் முழங்காலில். யாரும் சொல்லவில்லை, தானாக. இரண்டு கையும் தலைக்குப் பின்னால் கோர்த்தபடி, முகம் சுவர்ப் பக்கம். குடை தரையில். அவர் சொல்லிக்கொண்டிருந்தார், "ஐ.சி. இருக்கு, மாத்தயா. ஐ.சி. இருக்கு. பொக்கற்றில இருக்கு, மாத்தயா."

மாத்தயா. சிங்கள ஆமிக்காரனுக்குச் சொல்லுகிற ஐயா. ஐ.சி., அங்கே காட்டுகிற அடையாள அட்டை. பலெர்மோவில், ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்து.

"என்ர மனுசன்! சிஞ்ஞோரா, அது என்ர மனுசன்!" நடுவில் போய் நின்றேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. சி. துவக்கைத் தரைக்குத் திருப்பினார். திருப்பி உறைக்குள் வைக்க முடியவில்லை. இரண்டு தரம் முயன்றார். கடைசியில் படியில் அப்படியே இருந்துவிட்டார், அதை மடியில் வைத்துக்கொண்டு, விரல் வெளியே.

அன்ரன் எழும்பவில்லை. கோர்த்த விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "அன்ரன், இது நான். ஜெசிந்தா. எழும்புங்கோ." கீழ் மாடிக் கதவு ஒன்று திறந்து, பார்த்து, மெல்லச் சாத்தியது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மழை. குடையை விரிக்க இருவருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் 24, வியாழன்

மழை விடவில்லை. வேலைக்குப் போகவில்லை. அன்ரனும் போகவில்லை.

சாப்பிடவில்லை. கேட்டது ஒன்றுதான்: "எப்பிடி அவ்வளவு கெதியா எடுத்தவ?"

சொன்னேன். நல்ல உறை. நல்ல பெல்ற். வளையம் தைத்தது நான். தெரியேல்லை என்று சொன்னதும் நான்.

என்னை நெடுநேரம் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

"நீர் இனி அங்கை போகவேண்டாம்."

"அப்ப permesso? அது இந்த வேலையாலதானே."

"போனாப் போகட்டும்."

நவம்பர் 25, வெள்ளி

ரெலிபோன் நாலு தரம் அடித்தது. எடுக்கவில்லை. சி.தான் என்று அடிக்கிற விதத்திலேயே தெரிந்தது.

பருப்பு, முட்டை. முட்டை எரிந்தது.

இரவு அன்ரன் தானாகக் கதைத்தார், முகட்டைப் பார்த்துக்கொண்டு. மன்னாரில், தள்ளாடி ஆமி முகாமின் சென்றி. பஸ்ஸிலிருந்து இறக்கி, வரிசையாக முழங்காலில் விட்டார்களாம், வெயிலில். பக்கத்தில் இருந்தவன் மூக்கைச் சொறியக் கையை எடுத்தான். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பக்கத்து ஆளின் பெயர் அவருக்குத் தெரியாதாம். அதுதான் தன்னைத் தின்கிறது என்றார். "பேரைக் கேட்டிருக்கலாம். ஒரே பஸ்ஸில வந்தனாங்கள்."

நவம்பர் 27, ஞாயிறு

வானம் வெளித்திருக்கிறது. பூசைக்குப் போகவில்லை.

பத்து மணிபோலக் கதவில் தட்டுகிற சத்தம். திறந்தால் சி. எங்கள் தெருவுக்கு அவர் வந்ததே இல்லை. ஐந்து மாடி ஏறிய மூச்சு. தலை வாரி இழுக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லை, இனிப்புப் பெட்டி கூட.

அன்ரன் உள்ளே மேசையடியில். எழுந்து சுவரோடு நின்றார்.

சி. வாசலைத் தாண்டவில்லை. கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்தார், வலது கை உயரவில்லை, முடிந்த மட்டும். இடுப்பில் உறை இல்லை. பிறகு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்ரனைத்தான் பார்த்தார்.

அன்ரன் தமிழில், என்னிடம்: "வரச் சொல்லும். தேத்தண்ணி போடும்."

மேசையில் மூன்று பேர். சி. மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் தொடங்கினார், முடிக்கவில்லை. அழுதார். வழக்கறிஞர் அழுவதை நான் கண்டதில்லை, சத்தமே இல்லை.

அன்ரனின் இத்தாலியன் குசினி இத்தாலியன். சட்டி, தட்டு, கெதியா, சுடுது. அதை வைத்துக்கொண்டே சொன்னார். "சிஞ்ஞோரா, நீங்கள் கேட்டனீங்கள். ஆர் எண்டு கேட்டனீங்கள். ரெண்டு தரம். அங்கை ஒருத்தரும் கேட்கேல்லை."

சி. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் பதில் சொல்லேல்லை" என்றார் அன்ரன். "வாய் வரேல்லை."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு சி.: "நான் பொய் சொல்லேலாது. செவ்வாய் கோர்ட். செத்தவன்ர மனுசி சாட்சி சொல்லப்போறா. நான் அதைப் போட்டுக்கொண்டுதான் போவன். அதை எறிஞ்சிட்டன் எண்டு சொல்லத்தான் வந்தனான், படியேறேக்க யோசிச்சன், அது உண்மை இல்லை. எனக்குப் பயம்."

நான் அன்ரனைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் ஆயுதம் வைத்திருந்த எவரும் எங்களிடம் தங்களுக்குப் பயம் என்று சொன்னதில்லை. கிறிஸ்ரி கூட.

அன்ரன் தேத்தண்ணியில் சீனியைக் கலக்கினார், கனநேரம்.

"போடுங்கோ" என்றார். "ஜெசிந்தா வருவா."

சி. போன பிறகு நான் கேட்டேன், ஏன் சம்மதித்தீர்கள் என்று. "செத்த அந்தக் கடைக்காரன்ர பெஞ்சாதிக்கு வேறை ஆர் கதைக்கிறது?" என்றுவிட்டுச் சப்பாத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

நவம்பர் 29, செவ்வாய்

குளிர். வானம் சுத்தம்.

காலை ஏழரைக்கு சி.யின் பெல்ற்றை நான்தான் இறுக்கினேன். கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார், கேள்வி இல்லை. நானும் சொல்லவில்லை. கீழே வாடகைக் கார். மூலையால் திரும்பும் மட்டும் பல்கனியில் நின்றேன்.

செய்தது: தரை. குளியலறை. வெள்ளிக் கரண்டிகள், தேவையில்லாமல். றேடியோ போடவில்லை. கீழே மோட்டார் சைக்கிள் போகும்போதெல்லாம் கரண்டியை வைத்துவிட்டு நின்றேன்.

இரண்டரைக்கு வந்துவிட்டார். முழுதாக. சாம்பல் முகம். அந்த மனுசி சாட்சி சொல்லிவிட்டாராம். சுட்டவனைக் கையால் காட்டினாராம், கை நடுங்கவில்லையாம். "நடுங்கினது என்ர கை" என்றார் சி. சாப்பாடு வேண்டாம் என்றார். கோட்டையும் உறையையும்கூடக் கழற்றவில்லை. நான் சூப்பைச் சூடாக்கிக்கொண்டு நிற்க, கீழே தெருவில் ஒரு சத்தம்.

"அன்ரன்!"

இருவரும் திடுக்கிட்டோம். திரும்பவும், தொண்டை கிழிய: "அன்ரன்! அன்ரன் வந்திருக்கிறன்!"

பல்கனிக்கு ஓடினேன். தெரு நடுவில், வெயிலில், கோட்டை இரண்டு பக்கமும் திறந்து விட்டபடி, மேலே பார்த்துக்கொண்டு என் மனுசன். தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு. எதிர் வீட்டு யன்னல்கள் திறந்தன. வாசல்காரர் வெளியே வந்து, இவருக்கு என்ன பிடித்தது என்று பார்த்தார்.

"கேட்குது! வாங்கோ!" என்றேன். சி. என் தோளுக்கு மேலால் குனிந்து, பலெர்மோக் கிழவிகள் கூப்பிடுகிற மாதிரி நீட்டி, "அன்தோ! சாலி!" என்று கத்தினார். ஏறி வா என்று.

படி விளக்கைப் போட்டு, கதவை அகலத் திறந்து, வெளியே வந்து நின்றோம். காலடிச் சத்தம். ஒவ்வொரு வளைவிலும் நின்று, மூச்சு வாங்கி, பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறினார். முதலாம் மாடியில் ஒரு அன்ரன். இரண்டாம் மாடியில் ஒரு அன்ரன், கொஞ்சம் மெதுவாக.

சி. இரண்டு கைகளையும் படியின் கைப்பிடியில் வைத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.